கருங்கடலில் பிராணவாயுப் பஞ்சம்

1973-ஆம் ஆண்டின் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில், டான்யூப் நதி கருங்கடலில் கலக்கும் இடத்துக்கும், அதற்கு வடக்கே நீஸ்டர் நதி கலக்கும் இடத்துக்கும் இடைப்பட்ட கடற்பரப்பில், ஏறத்தாழ 3,500 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணமுள்ள அடித்தரையில் வாழ்ந்திருந்த சிப்பிகளும் நண்டுகளும் புழுக்களும், தரையை ஒட்டியே காலம் கழிக்கும் மீன்களும் கூட்டங்கூட்டமாக மாண்டொழிந்தன. நச்சுப்பொருள் எதையும் எவரும் அங்கே கொட்டியிருக்கவில்லை. உயிர்களைக் கொன்றது, கடலடி நீரில் கரைந்திருக்க வேண்டிய பிராணவாயு தீர்ந்துபோனமையே. அதற்கு முன் அந்தப் பிரதேசத்தில் இவ்வளவு பெரிய அளவில் இத்தகைய அழிவு பதிவானதில்லை. அதன் பின்னரோ, ஏறக்குறைய இருபது ஆண்டுக்காலம், கோடை வந்தால் அழிவும் உடன் வரும் என்னும் நிலை ஏற்பட்டு, 1980-களின் இறுதியில் மூச்சிழந்த பரப்பு 40,000 சதுர கிலோமீட்டர் வரை, அதாவது நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தின் பரப்பையும் சற்றே விஞ்சுமளவுக்கு, விரிந்து சென்றது.

இத்தகைய பிராணவாயுப் பஞ்சம் இன்று உலகில் ஓரிடத்துக்கு மட்டும் உரியதன்று. ராபர்ட் டயஸ், ருட்கர் ரோசன்பெர்க் என்னும் இரண்டு விஞ்ஞானிகள் 2008-இல் திரட்டி வெளியிட்ட கணக்கின்படி, 400-க்கும் மேற்பட்ட கரையோரப் பகுதிகளில், மொத்தம் 2,45,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பில் இந்நோய் கண்டிருந்தது. அவற்றுள் கருங்கடலின் வடமேற்குப் பகுதியை இங்கே தனியே எடுத்து ஆராய்வதற்குக் காரணம் ஒன்று உண்டு. நோய் தோன்றி முற்றியதையும், பின்னர் அது பெருமளவு தணிந்ததையும் ஒரே தலைமுறையினர் தம் கண்ணாலேயே காணும்படி நேர்ந்த மிகப் பெரிய கடற்பரப்பு அதுவே. அந்த நோய் தணிந்தது எவருடைய சங்கல்பத்தினாலும் அன்று என்பதுதான், இக்கட்டுரையாளன் கருத்தில், அந்த வரலாற்றில் ஆழ்ந்து சிந்திக்கத்தக்க பகுதி.

கருங்கடலைப் பற்றிப் பேசப் புகுவோர் முதலில் ஒரு மயக்கத்தை விலக்கிக்கொள்ள வேண்டும். 2,200 மீட்டர் வரை ஆழமுள்ள அந்தக் கடலில், ஏறத்தாழ 150 மீட்டருக்குக் கீழே உள்ள நீர் முழுவதும் பல்லாயிரம் ஆண்டுகளாகவே பிராணவாயு அற்றதாய், ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு நிறைந்ததாய் இருந்துவருகிறது. மிகக் குறுகிய இடத்தில் 700 மீட்டர் அகலமே உள்ள பாஸ்பரஸ் ஜலசந்தியின் வழியாக மத்தியதரைக் கடலின் உப்புமிக்க நீர் அடியில் புகுந்து தங்க, ஐரோப்பாவின் பெருநதிகள் கொண்டுவரும் நன்னீர் மேலே பரவி நிற்க, இரண்டும் எளிதில் கலவாத காரணத்தால் மேற்பரப்பின் காற்று ஆழத்தை எட்டுவதேயில்லை. இது இயற்கையின் ஏற்பாடு; இதற்கு மனிதன் பொறுப்பாளி அல்லன். ஆனால் கடலின் வடமேற்கு மூலையில் மட்டும் ஆழமற்ற, அகன்ற கண்டத்திட்டு ஒன்று இருக்கிறது. டான்யூப், நீஸ்டர், நீப்பர், தென் பூக் ஆகிய நான்கு நதிகளும் அந்தத் திட்டின் மேல்தான் வந்து விழுகின்றன. ஒடெஸ்ஸா நகரம் அதன் கரையில்தான் இருக்கிறது. ஆழ்கடலின் நச்சுநீர் எட்டாத உயரத்தில், சூரிய ஒளியும் காற்றும் தாராளமாகப் பெற்று, மீனும் சிப்பியும் கடற்பூண்டுமாகச் செழித்திருந்த அந்தத் திட்டே 1973-இல் மூச்சடைத்துப்போன இடம்.

அதன் செழிப்புக்குச் சிறந்த சான்றாக விளங்கியது, செர்நோவ் வயல் என்று வழங்கப்பெற்ற கடலடிப் பசுமை. செர்கேய் செர்நோவ் என்னும் ருஷ்ய விலங்கியலார் 1908-இல் கண்டறிந்து உலகுக்கு அறிவித்த அந்தப் பிரதேசத்தில், பில்லோஃபோரா என்னும் செந்நிறக் கடற்பாசி, பாறையைப் பற்றி நிற்காமல், மெத்தை மெத்தையாக அடித்தரையில் கிடந்து, சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டரில் பரவியிருந்தது. செந்நிறப் பாசி ஆழத்தின் மங்கிய ஒளியிலும் உணவு சமைக்கவல்லது. அவ்வாறு சமைக்கும்போது அது வெளியிடும் பிராணவாயு கடலடியிலேயே வெளியாயிற்று. மேற்பரப்பிலிருந்து காற்று இறங்கிவரக் காத்திராமல், தரையிலேயே தன் மூச்சைத் தானே உற்பத்தி செய்துகொண்ட கடல் அது. பாசியின் நிழலில் சிறு மீன்களும் இறால்களும் நண்டுகளும் அண்டி வாழ்ந்தன. அவற்றுட் பல அந்தப் பாசியின் நிறத்தையே மேற்கொண்டு செந்நிறமாக இருந்தன. ஒடெஸ்ஸாவில் அதை அள்ளிக் காய்ச்சி, மிட்டாய்ப் பண்டங்களுக்கு வேண்டிய ஒருவகைக் கூழ்ப்பொருள் எடுத்தார்கள்.

இந்த வயல் அழிந்த கதை, கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே, உழவர்களின் நிலங்களில் தொடங்குகிறது. காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாகப் பிணைக்கும் முறையை ஃபிரிட்ஸ் ஹாபர் 1909-இல் செய்து காட்டி, கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குப் பெருக்கி, 1913-இல் ஜெர்மனியின் ஒப்பாவ் நகரில் முதல் ஆலை இயங்கத் தொடங்கியது முதல், பயிருக்கு ஊட்டும் நைட்ரஜனுக்கு எருக்குழி போன்ற இயற்கை மூலங்களை மட்டும் நம்பியிருக்க வேண்டிய நிர்ப்பந்தம் நீங்கிற்று. மனிதகுலம் பட்டினியிலிருந்து தப்பியதற்கு இந்தக் கண்டுபிடிப்புச் செய்த உபகாரத்தைக் குறைத்துப் பேசுவது நன்றிகேடாகும். ஆனால் பயிர் உறிஞ்சாது விட்ட நைட்ரேட்டு மண்ணில் தங்குவதில்லை. அது நீரில் எளிதில் கரைந்து, வாய்க்காலையும் ஊற்றையும் பற்றிக்கொண்டு, ஆற்றைச் சேர்ந்து, கடலில்தான் போய் நிற்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஹங்கேரி, ருமேனியா, பல்கேரியா, யுகோஸ்லாவியா, சோவியத் உக்ரேன் ஆகிய தேசங்களில் அரசாங்கத்தின் மானியத்தோடு ரசாயன உரம் கணக்கின்றி இடப்பட்டது. லட்சக்கணக்கான பன்றிகளை ஒரே இடத்தில் அடைத்து வளர்க்கும் பண்ணைகளும் எழுந்தன. நகரங்களின் சாக்கடை நீர், சலவைத்தூளின் பாஸ்பேட்டோடு சேர்ந்து, சுத்திகரிக்கப்படாமலே ஆற்றில் விடப்பட்டது. ஜெர்மனியின் கருங்காட்டில் தோன்றி 2,850 கிலோமீட்டர் ஓடி, 19 நாடுகளின் நிலங்களைக் கழுவி வரும் டான்யூப், அவற்றின் மிச்சத்தையெல்லாம் தன் கழிமுகத்துக்கு முன்னே இருந்த அந்த ஆழமற்ற திட்டின் மேல் இறக்கிவைத்தது.

நைட்ரஜனும் பாஸ்பரஸும் வந்து சேர்ந்தவுடன் கடலின் மேற்பரப்பில் பெருகுவன, கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள். இவற்றுள் டயாட்டம் என்னும் இனத்தை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்ப்போர் ஒரு கணம் வியந்து நிற்பர். ஒரே ஒரு உயிரணுவாலான அந்த ஜீவன், நீரில் கரைந்துள்ள சிலிகாவைச் சேர்த்து, கண்ணாடியை ஒத்த கூடொன்றைத் தனக்கென்று கட்டிக்கொள்கிறது. மேலோடு கீழோட்டின் விளிம்பின் மேல் கச்சிதமாகப் பொருந்தி மூடும் அந்தக் கூடு, அமைப்பில் குங்குமச் சிமிழையே ஒத்திருக்கும். அதன் சுவர் முழுவதும் நுண்ணிய துளைகள் வரிசை பிறழாமல் அமைந்திருக்கும். உணவும் ஒளியும் போதிய அளவு கிடைத்தால், அது நாளொன்றுக்கு ஒருமுறையோ அதற்கு மேலோ இரண்டாகப் பிரிந்து பெருகும். அளவோடு பெருகும்வரை அதைச் சிறு இறாலினங்கள் மேய்ந்து, அவற்றை நெத்திலி தின்று, நெத்திலியைப் பெரிய மீனும் மனிதனும் தின்று, கணக்கு நேராகிவிடும். மேய்வோர் தின்று தீர்க்க முடியாத அளவுக்குப் பெருகும்போதுதான், மிஞ்சிய பாசி செத்து, கூட்டங்கூட்டமாகக் கீழே இறங்கி, அடித்தரையில் படிந்து மக்கத் தொடங்குகிறது. மக்குவதென்பது பாக்டீரியாக்கள் பிராணவாயுவைச் செலவிட்டு அதைத் தின்பதேயாகும்.

இந்தச் செலவு எவ்வளவு என்பதை ஒருவாறு கணக்கிட்டும் பார்க்கலாம். கடற்பாசிகளின் உடலிலே மூலப்பொருள்கள் ஏறத்தாழ ஒரே விகிதத்தில், பாஸ்பரஸ் அணு ஒன்றுக்கு நைட்ரஜன் 16, கரி 106 என்னும் கணக்கில், அமைந்திருக்கின்றன என்பது ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு 1934-இல் தொடங்கிய ஆராய்ச்சியால் நிலைநாட்டப்பட்ட உண்மை. அவ்வளவும் மக்கி முடிய 138 பிராணவாயு மூலக்கூறுகள் வேண்டும். இந்த விகிதத்தைக் கொண்டு பார்த்தால், ஒரு கிலோகிராம் நைட்ரஜன், அதாவது ஏறத்தாழ 2.2 கிலோகிராம் யூரியாவில் அடங்கியுள்ள நைட்ரஜன், முழுவதும் பாசியாகி, அந்தப் பாசி முழுவதும் அடியில் மக்குமானால், அதற்கு ஏறக்குறைய 20 கிலோகிராம் பிராணவாயு செலவாகும். ஒரு கன மீட்டர் கடல்நீரில் கரைந்து நிற்கும் பிராணவாயு 8 கிராம் என்று கொண்டால், 2,500 கன மீட்டர் நீரில் உள்ள பிராணவாயு முழுவதையும் அது தீர்த்துவிடும். உழவன் கையிலிருந்து சிந்திய ஒரு சிறு முடிச்சு உரம் கடலில் இத்தனை நீரின் மூச்சைப் பறிக்கவல்லது என்பதை எண்ணிப் பார்த்தால், நதிகள் ஆண்டுதோறும் சுமந்து வந்ததன் வலிமை விளங்கும்.

செலவு மிகுந்தாலும் வரவும் மிகுந்திருந்தால் கேடில்லை. கோடையிலோ வரவும் நின்றுபோகிறது. வசந்தத்தில் பனி உருகிப் பெருகிய ஆற்றுநீர் உப்புக் குறைந்ததாகையால் கடலின் மேலே மிதக்கிறது. வெயில் ஏற ஏற அந்த மேலடுக்கு வெதும்பி மேலும் இலேசாகிறது. காற்றும் ஓய்ந்துவிடுமானால், குளிர்ந்த அடிநீருக்கும் வானத்துக்கும் இடையே போக்குவரத்தே அற்றுவிடுகிறது. மேலே பாசி விளைந்து பச்சையாகவும் பழுப்பாகவும் கலங்கிக் கிடக்க, கீழே வாரக்கணக்கில் பிராணவாயு குறைந்துகொண்டே வரும். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான மீன்கள் அங்கே நில்லா. நீந்த வல்லவை விலகிப் போகும். நண்டுகள் எட்டிய மேடுகளில் ஏறும். சேற்றுக்குள் புதைந்து வாழும் புழுக்களும் மட்டிகளும் வெளியே வந்து, தரையின் மேல் உடலை நீட்டிக் கிடக்கும். வேறு காலத்தில் அவ்வாறு வெளிப்பட்டால் இரையாகிவிடுவோம் என்னும் அச்சம் அவற்றுக்கு உண்டு, இப்போதோ தின்பதற்கும் ஆளில்லை. சிப்பிகள் ஓட்டை இறுக மூடிக்கொண்டு, உயிரின் செலவைச் சுருக்கி, சில நாட்கள் தாக்குப்பிடிக்கும். கடைசியில் ஓடு தானே திறந்துகொள்ளும். பின்பு சேறு கறுத்து, அதன் மேல் கந்தகத்தை உண்டு வாழும் வெண்மையான பாக்டீரியாப் படலம் படர்ந்து, அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு எழுந்து, எஞ்சியிருந்தவற்றையும் கொன்றுவிடும்.

சிப்பிகளின் மரணத்தோடு காரியம் முடிந்துவிடவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சிப்பியும் நாள் முழுவதும் கடல்நீரைத் தன்னுள் இழுத்து, பாசியை வடித்து உண்டு, தெளிந்த நீரை வெளியே விடுவது. கோடிக்கணக்கான சிப்பிகள் அந்தத் திட்டின் மேல் அவ்வேலையைச் செய்துகொண்டிருந்தமையால்தான் கடல் தெளிவாக இருந்தது. அவை மாண்டதும் பாசியைக் கட்டுப்படுத்துவோர் இல்லை. பாசி பெருகி நீர் கலங்கியதும் ஒளி அடித்தரையை எட்டவில்லை. ஒளி எட்டாமையால் செர்நோவ் வயலின் செம்பாசி வெளுத்துச் செத்தது. செம்பாசி செத்ததும் கடலடியில் பிராணவாயு பிறப்பது நின்றது. பிராணவாயு அற்ற சேறோ, தன்னுள் இறுகப் பிணைத்து வைத்திருந்த பாஸ்பரஸை மீண்டும் நீரில் கரையவிட்டு, மறு ஆண்டின் பாசிக்கு உரமிட்டது. 1990-இன் வாக்கில் அந்த மாபெரும் வயலில் பத்தில் ஒரு பங்குகூட எஞ்சவில்லை.

ஒடெஸ்ஸாவில் இருந்துகொண்டு இந்த அழிவை ஆண்டுதோறும் அளந்து குறித்தவர்களுள் தலையாயவர், கடலின் மேற்படலத்தில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றிய ஆராய்ச்சியால் முன்பே புகழ்பெற்றிருந்த யுவெனாலி ஸைத்ஸெவ். 1973-க்கும் 1990-க்கும் இடையே அந்தத் திட்டின் மேல் மாண்ட கடலடி உயிர்களின் எடை 6 கோடி டன், அவற்றுள் மீன் மட்டும் 50 லட்சம் டன் என்பது அவருடைய மதிப்பீடு. மதிப்பீடு என்ற சொல்லுக்குரிய நெகிழ்ச்சியை இந்த எண்ணுக்கு நாம் அளித்தாக வேண்டும். கடலடியில் எவரும் தராசு கட்டி நிறுக்கவில்லை. எனினும் கரையில் வாழ்ந்த மக்களுக்கு அந்த எண் மிகையாகத் தோன்றியிராது.

நோயின் போக்கைச் சிக்கலாக்கியவை வேறு இரண்டு உண்டு. 1972-இல் ருமேனியாவுக்கும் யுகோஸ்லாவியாவுக்கும் இடையே டான்யூபின் குறுக்கே இரும்புவாயில் அணை கட்டி முடிக்கப்பட்டது. அதன் பின் கடலுக்கு வரும் சிலிகா மிகவும் குறைந்துவிட்டது என்று கிறிஸ்டோஃப் ஹம்போர்க் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 1997-இல் எழுதினார்கள். நைட்ரஜன் மிகுந்து சிலிகா குறைந்தால், கூடு கட்டச் சிலிகா வேண்டும் டயாட்டங்கள் பின்தங்கி, அது வேண்டாத வேறு பாசிகள் முந்திக்கொள்ளும். அவற்றுட் பல, மேயும் ஜீவராசிகளுக்கு ஏற்ற உணவல்ல. சிலிகா சிக்கியது அந்த ஓர் அணையிலா, அல்லது மேலேயுள்ள எண்ணற்ற அணைகளிலும் நீர்த்தேக்கங்களிலுமா என்பது பற்றிப் பின்வந்த ஆராய்ச்சியாளர்களிடையே அபிப்பிராயபேதம் இருக்கிறது; பாசியின் குலமே மாறிப்போயிற்று என்பதில் அவ்வளவாக இல்லை. மற்றது, அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையிலிருந்து சரக்குக் கப்பல்களின் அடியில் பாரத்துக்காக நிரப்பும் நீரோடு வந்து சேர்ந்து, 1982-இல் முதன்முதலாகக் காணப்பட்ட நெமியாப்சிஸ் என்னும் கண்ணாடி உடல் கொண்ட சொறியினம். நெத்திலியின் உணவையும் முட்டையையும் சேர்த்தே தின்ற அது, 1980-களின் இறுதியில் கருங்கடலின் நெத்திலி மீன்பிடிப்பையே முறித்துவிட்டது. நலமுள்ள கடலில் வந்திறங்கியிருந்தால் அதற்கு இவ்வளவு இடம் கிடைத்திருக்குமா என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானதே.

அந்த ஆண்டுகளில் அங்கே பெருகிய மற்றோர் உயிர் நமக்கும் அயலானதன்று. நாக்டிலூகா என்னும் அந்த ஒற்றை உயிரணு ஜீவி இரவில் அலையைத் தொட்டால் நீலமாய் ஒளிர்வது. கருங்கடலில் அது பிற பாசிகளைத் தின்று பெருகி, நீரைச் சிவக்கச் செய்யும். மன்னார் வளைகுடாவிலோ, அதன் உடலுக்குள் பச்சைப் பாசியொன்று குடியிருப்பதால், கடல் பச்சையாகிவிடும். நம் மீனவர் அதைப் பூங்கோரை என்பர். 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் கரையோரம் அவ்வாறு பச்சை படர்ந்து மீன்கள் செத்து ஒதுங்கியபோது, தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் அந்தப் பக்கத்துத் தீவுகளைச் சுற்றியுள்ள பவளத்திட்டுகளில் இறங்கிப் பார்த்து, நீரின் பிராணவாயு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியிருந்ததையும், வேகமாக வளரும் கிளைப்பவளங்கள் மிகுதியாக மாண்டிருந்ததையும் பதிவு செய்தார்கள். கருங்கடலோடு ஒப்பிட இடம் சிறியது, நாட்களும் சில. ஆயினும் உயிரைப் போக்கிய முறை அதுவே.

இனி, நோய் தணிந்த விதத்துக்கு வருவோம். 1989-இல் கிழக்கு ஐரோப்பிய அரசாங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. 1991-இல் சோவியத் யூனியனே கலைந்தது. உரத்துக்கு அரசாங்கம் தந்துவந்த மானியம் நின்றது. கூட்டுப் பண்ணைகள் கலைந்தன. விலை கொடுத்து உரம் வாங்கும் சக்தி உழவர்களுக்கு இல்லாது போயிற்று. பெரிய பன்றிப் பண்ணைகள் பல மூடிக் கிடந்தன. சில ஆண்டுகளுக்குள் அந்தத் தேசங்களில் உர உபயோகம் பாதிக்கும் கீழே இறங்கிற்று. கடல் மறுமொழி சொல்ல நெடுங்காலம் எடுத்துக்கொள்ளவில்லை. 1990-களின் நடுவில், மூச்சிழந்த பரப்பு 1,000 சதுர கிலோமீட்டருக்கும் கீழே சுருங்கிற்று. அடித்தரையில் சிப்பிகளும் புழுக்களும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. ஐக்கிய நாடுகளின் உதவியோடு இஸ்தான்புல்லில் அமைந்த கருங்கடல் சுற்றுச்சூழல் திட்டத்துக்குத் தலைமை தாங்கிய லாரன்ஸ் மீ என்னும் ஆங்கிலேயக் கடலியலார் இந்த மாற்றத்தைத் தொடர்ந்து கவனித்து உலகுக்கு எடுத்துரைத்தார்.

கடல் நலம்பெற்றது மகிழத்தக்கதே. ஆனால் அந்த நலத்துக்கு விலை கொடுத்தவர்கள் யாவர் என்பதை மறந்து மகிழ்வது தகாது. வேலையும் சேமிப்பும் ஒருங்கே இழந்த கிராமங்கள், விளைச்சல் குன்றிய வயல்கள், ஊரைவிட்டு வெளியேறிய இளைஞர்கள் ஆகியோரின் துன்பத்தின் மறுபக்கமாக வந்தது அந்தத் தெளிந்த நீர். கடலைக் காப்பாற்றுவோம் என்று எவரும் முடிவுசெய்து உரத்தைக் குறைக்கவில்லை. குறைக்கும்படி வறுமை நிர்ப்பந்தித்தது. ஆகவே இந்த வரலாறு ஒரு வழிமுறையாகாது. ஒரு நிரூபணமாக மட்டும் அதைக் கொள்ளலாம்: வரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் குறைந்தால், 40,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கடலும், ஒரு மனிதனின் ஆயுளில் சிறு பகுதிக்குள், மூச்சைத் திரும்பப் பெறும் என்பதற்கு. வேறெங்கும் இத்தனை பெரிய பரப்பில் இந்தச் சோதனை நடந்ததில்லை.

திரும்பப் பெற்றது பழைய கடலா என்றால், அன்று. 2001-இன் வெப்பம் மிகுந்த கோடையில் பஞ்சம் மறுபடியும் தலைகாட்டிற்று. நாற்பது ஆண்டுகள் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் சேற்றிலும் சேர்ந்தது ஒரு சில ஆண்டுகளில் வற்றிவிடாது. நெமியாப்சிஸின் கொட்டம், 1997-இல் அதையே தின்னும் பெரோயே என்னும் மற்றொரு சொறியினம் தற்செயலாக வந்து சேர்ந்த பின்னரே அடங்கிற்று. செர்நோவ் வயலில் ஒளி மீண்ட இடங்களிலும் பில்லோஃபோரா பழைய மெத்தையாகப் படியவில்லை. விரைந்து வளரும் இழைப்பாசிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. உக்ரேனிய அரசாங்கம் 2008-இல் அந்தப் பிரதேசத்தில் ஏறத்தாழ 4,000 சதுர கிலோமீட்டரைக் காப்பிடமாகப் பிரகடனம் செய்தது. 2023 ஜூன் 6-ஆம் தேதி, ருஷ்ய-உக்ரேனியப் போரின் நடுவே, நீப்பர் நதியின் ககோவ்கா அணை உடைந்து, 18 கன கிலோமீட்டர் கொள்ளளவுள்ள அதன் நீர்த்தேக்கம் சேற்றோடும் உரத்தோடும் சாக்கடையோடும் இதே திட்டின் மேல்தான் வந்து பாய்ந்தது. ஒடெஸ்ஸாவின் கரையில் கடல்நீர் உப்பிழந்து, சில நாட்களில் பச்சைப் பாசி படர்ந்தது செயற்கைக்கோள் படங்களிலும் புலப்பட்டது. கண்ணிவெடிகள் மிதக்கும் அந்த நீரில் ஆராய்ச்சிக் கப்பல்கள் முன்போல் சென்று அளந்துவர இயலாத காலம் அது.

வறுமை கட்டாயப்படுத்தாமல், அறிந்து, விரும்பி, ஒரு தேசம் இக்காரியத்தைச் செய்துவிட முடியுமா என்ற கேள்விக்கு, இதுவரை கிடைத்துள்ள மிகப் பெரிய விடை மெக்சிகோ வளைகுடாவில் இருக்கிறது. அது ஊக்கமளிப்பதாக இல்லை. மிசிசிப்பி நதி, மக்காச்சோளமும் சோயாவும் விளையும் அமெரிக்க நடுநாட்டின் நைட்ரேட்டைக் கொண்டுவந்து லூசியானாக் கரையில் கொட்ட, அங்கே கோடைதோறும் தோன்றும் பஞ்சப் பரப்பை நான்சி ரபலே முதலிய விஞ்ஞானிகள் 1985 முதல் கப்பலில் சென்று அளந்துவருகிறார்கள். 2001-இல் அரசாங்கமும் மாநிலங்களும் கூடி, 2015-க்குள் அதை 5,000 சதுர கிலோமீட்டருக்குக் கீழே கொண்டுவருவதாக உறுதி பூண்டன. 2017-இல் அளந்தபோது அது 22,720 சதுர கிலோமீட்டர். அதுவரை அளந்தவற்றுள் மிகப் பெரியது. கெடுவை அதற்கு முன்பே 2035-க்குத் தள்ளி வைத்துவிட்டார்கள். செல்வமும் விஞ்ஞானமும் குறைவற நிறைந்த தேசம் அது. குறைவு எங்கேயென்றால், வயலில் இடும் உரத்துக்கும் கடலில் சாகும் மீனுக்கும் இடையே உள்ள இரண்டாயிரம் கிலோமீட்டரில், பொறுப்பை ஏற்பார் எவரையும் சட்டம் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. உழவரை உரத்தைக் குறைக்கும்படி வேண்டலாம், கட்டளையிட இயலாது என்பதே அங்குள்ள ஏற்பாடு.

டான்யூபில் அந்தப் பொறுப்பை நாடுகள் பங்கிட்டுக்கொள்வதற்கு ஒரு முயற்சியாவது நடந்துவருகிறது. 1994-இல் சோஃபியா நகரில் கையெழுத்தாகி 1998-இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின் கீழ், வியன்னாவில் ஓர் ஆணையம் இருந்துகொண்டு நதியின் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் கணக்கிட்டு வருகிறது. 2007-இல் ருமேனியாவும் பல்கேரியாவும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பின் சாக்கடைச் சுத்திகரிப்பு விரைவுபட்டது. ஏறத்தாழ இருபது லட்சம் மக்கள் வாழும் புகாரெஸ்டு நகரின் கழிவுநீர், 2011-இல் க்ளீனா என்னுமிடத்தில் நிலையம் இயங்கத் தொடங்கும் வரை, அப்படியே ஆற்றில்தான் போய்க்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் இதன் பெருமை தெரியும். சாக்கடையை ஒரு குழாயின் வாயில் நின்று தடுத்துவிடலாம். வயலிலிருந்து கசிவதற்கோ வாய் ஒன்றில்லை; அந்தத் தேசங்களில் செல்வம் திரும்ப, உரமும் திரும்பும். அதை வழியிலேயே தடுக்கவல்லவை வெள்ளச் சமவெளிகளும் நாணற்காடுகளுமே. தேங்கி நிற்கும் நீரின் அடிச்சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைச் சிதைத்து, ஹாபர் எந்தக் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்தாரோ அந்தக் காற்றுக்கே திருப்பிவிடுகின்றன.

ருமேனிய அரசாங்கம் 1980-களில் டான்யூப் கழிமுகத்தின் நாணல் நிலங்களைக் கரை கட்டி வறளச்செய்து விளைநிலமாக்க முற்பட்டது. அந்தக் கரைகளில் சிலவற்றை, கழிமுகம் உயிர்க்கோளக் காப்பகமான பிறகு, வேண்டுமென்றே உடைத்தார்கள். பாபினா தீவில் 1994-இல் 2,100 ஹெக்டேருக்கும், செர்னொவ்காவில் 1996-இல் 1,580 ஹெக்டேருக்கும் ஆறு மீண்டும் உள்ளே விடப்பட்டது. சில ஆண்டுகளில் நாணல் முளைத்து, மீன்கள் முட்டையிட வந்து, பறவைகளும் சேர்ந்தன. வறுமையின் கட்டாயமின்றி மனிதர் அறிந்து செய்த காரியம் அது. இரண்டும் சேர்ந்து 37 சதுர கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. டான்யூபின் வடிநிலமோ 8 லட்சம் சதுர கிலோமீட்டர். அந்த நதியின் பழைய வெள்ளச் சமவெளியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கரைகட்டி ஆற்றிலிருந்து பிரிக்கப்பட்டுவிட்டது. அந்தக் கரைகளுள் எவற்றைத் திறப்பது, எந்த வரிசையில் திறப்பது, அதனால் நிலம் இழக்கும் உழவருக்கு யார் ஈடுகொடுப்பது என்பவையே, இப்போது அந்தப் பத்தொன்பது நாடுகளும் கூடி அமர்ந்து முடிவு செய்ய வேண்டியிருக்கும் விஷயங்கள்.